மின்னொளி ஆட்டத்துக்கு முன்: டெல்டா விளையாட்டு வீரர்களுக்கான பயோஃபீட்பேக் பயிற்சி, முழு வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி, வடுவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று ஊருக்கு ஊர் லைட்டு கட்டி, மைக் செட் வைத்து, விடிய விடிய மின்னொளி கபடி நடக்கும். அங்கே அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. பயிற்சியில் யார் கைக்கும் சிக்காத பையன், மைக்கில் தன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒலிக்க ஆரம்பித்ததும், பாடிப் போய் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். அவன் தொடையில் வலு குறையவில்லை. இதயம் முன்கூட்டியே வேகமெடுத்துவிட்டது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிட்டது, தோள்பட்டை இறுகிவிட்டது, விரல் நுனி சில்லிட்டுவிட்டது. இந்த நான்கையும் கருவி வைத்து அளக்கலாம். அளந்ததை அந்த நொடியே வீரரின் கண்ணுக்குக் காட்டினால், அதை மாற்றவும் அவர் மெல்லக் கற்றுக்கொள்வார். பயோஃபீட்பேக் பயிற்சி என்பது இவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் முடிவில் வீரரின் உடம்பில் கருவி இருக்கக் கூடாது. திரையைப் பார்த்தால்தான் அமைதியாக முடிகிறது என்றால், பயிற்சி பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். கீழே வரும் படிகள் எல்லாம் கருவியை எப்போது, எப்படிக் கழற்றி வைப்பது என்பதை நோக்கித்தான் போகின்றன.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவருடைய தயாரிப்பில் பயோஃபீட்பேக்குக்கும் இடம் இருந்தது. அவருடன் வேலை செய்த தென்னாப்பிரிக்க உளவியலாளர் டிம் ஹார்க்னஸ் இந்தத் துறையில் தேர்ந்தவர். அதே பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜாங்-சு துப்பாக்கி சுடுதலில் வாங்கிய இரண்டு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. பரிசோதனையில் ப்ரோப்ரனலால் என்ற மருந்து தெரிந்துவிட்டது. இதயத் துடிப்பைக் குறைத்து, கை நடுக்கத்தை அடக்கும் மருந்து அது. துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அந்த வகை மருந்துகளுக்குத் தடை உண்டு. அந்த மாத்திரை குறுக்கு வழியில் செய்வதில் ஒரு பங்கைப் பயிற்சியால் நேர்வழியில் செய்ய முடியும்.

ஒரு பங்கு என்றுதான் சொல்கிறேன். பதற்றத்தைக் குறைப்பதில் இந்தப் பயிற்சிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆட்டத் திறனே நேரடியாகக் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பத்து இருபது வீரர்களை வைத்து நடந்தவை. அதனால் ஓட்டத்துக்கும் கால் அசைவுக்கும் ஒதுக்கிய நேரத்தை வெட்டி இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். படுக்கப் போகும் முன் ரீல்ஸ் பார்க்கிற நேரம் இருக்கிறதே, அது போதும்.

நம் வெயிலில் எந்தக் கருவி உருப்படும்

பயோஃபீட்பேக் என்ற பெயரில் முக்கியமாக ஐந்து வகைக் கருவிகள் புழங்குகின்றன. இதயத் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது, அதாவது எச்ஆர்வி. தசையில் எழும் மின்சாரத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி. விரல் நுனி வெப்பம். உள்ளங்கை வியர்வையின் மின்கடத்தல். கடைசியாக மூளை அலையைப் பார்க்கும் நியூரோஃபீட்பேக். குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு டெல்டாவில் உட்கார்ந்தால், இவற்றில் இரண்டு முதல் நாளே காலை வாரிவிடும்.

விரல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்தால் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் குளிரும். மனம் தளர்ந்தால் குழாய்கள் விரிந்து சூடாகும். ஏசி அறையில் 26 டிகிரியில் இருக்கும் விரலை 33, 34 வரை கொண்டுபோவது நல்ல பயிற்சிதான். சித்திரை மாதத் திருவாரூரில் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது விரல் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். ஏறுவதற்கு என்ன மிச்சம்? இந்தப் பயிற்சி வேண்டுமென்றால் மார்கழி, தை மாத அதிகாலையில் செய்யுங்கள். பெரிய கருவியும் தேவையில்லை. மீன்தொட்டிக் கடையில் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் விற்பார்கள். அதன் நுனியைச் சுட்டுவிரலில் பேப்பர் டேப்பால் லேசாக ஒட்டினால் போதும். இறுக்கி ஒட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு எண் பொய் சொல்லும்.

வியர்வைக் கருவிக்கும் இதே கதி. நாகை, வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில் உள்ளங்கை சும்மாவே பிசுபிசுக்கும். பதற்றத்தால் வந்த வியர்வை எது, புழுக்கத்தால் வந்தது எது என்று கருவிக்குத் தெரியாது.

ஈஎம்ஜி நல்ல கருவி, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50 ஹெர்ட்ஸ். ஆன்லைனில் வரவழைத்த கருவியின் வடிகட்டி 60இல் இருந்தால், சுவரில் ஓடும் ஒயரின் இரைச்சல் எல்லாம் தோள்பட்டை இறுக்கமாகத் திரையில் வந்து நிற்கும். பையன் பாவம், எவ்வளவு தளர்ந்தாலும் எண் இறங்காது. செட்டிங்கில் 50 என்று மாற்றுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

நியூரோஃபீட்பேக்கில் ஊர்ச் சங்கம் பணம் போடக் கூடாது என்பது என் கருத்து. பல்லைக் கடித்தாலும் கண்ணைச் சிமிட்டினாலும் குலைகிற அளவுக்கு நுண்ணிய அலைகள் அவை. படித்துச் சொல்லப் பழகிய ஆள் பக்கத்தில் இல்லாமல், தலையில் மாட்டும் பட்டையை மட்டும் வாங்கிப் பயனில்லை.

மிச்சம் எச்ஆர்வி. வெயில், ஈரம் இரண்டையும் ஓரளவு தாங்குவது இதுதான். ஆரம்பிப்பவர்கள் இந்த ஒன்றோடு நின்றுகொள்ளலாம்.

எச்ஆர்வி எப்படி வேலை செய்கிறது

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் சரியாக நொடிக்கு ஒன்று என்று துடிப்பதில்லை. ஒரு இடைவெளி 940 மில்லிநொடி, அடுத்தது 1,060, அதற்கடுத்தது 1,010 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது நிதானமாகும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கி வைக்கிறது. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது திரும்ப வருகிறது. பதற்றத்திலும் களைப்பிலும் இந்தப் பிடி பலவீனமாகி, ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும்.

இன்னொரு சுழற்சியும் உடம்பில் ஓடுகிறது. ரத்த அழுத்தம் ஏறினால் இதயம் நிதானிக்கும், இறங்கினால் வேகமெடுக்கும். இந்தத் திருத்தம் உடனே நடப்பதில்லை, சில நொடி தாமதமாகத்தான் வருகிறது. ஒரு முழுச் சுற்று வர ஏறக்குறைய 10 நொடி ஆகும். மூச்சையும் 10 நொடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு ஆறு என்று வைத்தால் இரண்டு சுழற்சிகளும் சேர்ந்துகொண்டு ஏற்ற இறக்கத்தைப் பல மடங்கு பெரிதாக்கும். ரஷ்யாவிலிருந்து வந்த எவ்கெனி வாஷில்லோவும் அமெரிக்க உளவியலாளர் பால் லேரரும் இதை ஒரு பயிற்சி முறையாக வகுத்தார்கள். இன்று எந்த ஆப்பைத் திறந்தாலும் அடியில் இருப்பது அந்த முறைதான்.

படி 1: மருத்துவரிடம் ஒரு வார்த்தை

இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, மயங்கி விழுந்த அனுபவம், வலிப்பு, பேஸ்மேக்கர் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கேட்டுவிடுங்கள். தளர்வுப் பயிற்சியால் சர்க்கரை அளவு மாறக்கூடும். ஆஸ்துமா உள்ள பையன்கள் தாராளமாகச் செய்யலாம், இன்ஹேலரை மட்டும் நிறுத்தக் கூடாது.

படி 2: பட்டையும் போனும்

நெஞ்சில் கட்டும் பட்டைதான் நம்பகமானது. போலார் எச்10 போன்றவை ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியையும் ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். சங்கத்துக்கு ஒன்று போதும். மின்முனை இருக்கும் இடத்தைத் தண்ணீரில் நனைத்து, மார்புக்குக் கீழே கட்டுங்கள். ஒருவர் கட்டியதை அலசாமல் இன்னொருவர் கட்டக் கூடாது, நம் வெயிலில் தோல் சிவந்து அரித்துவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கட்டிவிட டீச்சரோ அணியில் மூத்த அக்காவோ கூட இருக்கட்டும்.

பட்டை வாங்க வசதியில்லை என்றால் போன் கேமராவும் பிளாஷும் வைத்து விரலில் அளக்கும் ஆப்கள் உண்டு. எச்ஆர்வி4டிரெய்னிங் அப்படி ஒன்று. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் பரவாயில்லாமல் காட்டும். கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட விரல் ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடக்கும். அதில் நாடித்துடிப்பு தெரியுமே தவிர, துடிப்புக்குத் துடிப்பு மாற்றம் தெரியாது. இந்த வேலைக்கு உதவாது.

படி 3: இரண்டு வாரம் சும்மா அளப்பது

எதையும் மாற்றாமல் வெறுமனே அளக்கும் காலம் இது. காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, காபி குடிக்கும் முன் உட்காருங்கள். ஒரு நிமிடம் அமைதி, பிறகு மூன்று நிமிடம் பதிவு. உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தால் தினமும் உட்கார்ந்தே அளக்க வேண்டும். மூச்சு இயல்பாக இருக்கட்டும். ஒரு நாள் மெதுமூச்சு, மறுநாள் சாதா மூச்சு என்று கலந்தால், மூச்சினால் மட்டுமே எண் ஏறி இறங்கி, எல்லாம் குழம்பிவிடும்.

ஆப் காட்டும் எண்களில் ஆர்எம்எஸ்எஸ்டி என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துப் போடும் கணக்கு அது, வேகஸ் நரம்பின் நிலையைச் சொல்வது. பக்கத்திலேயே தூங்கிய நேரம், உடம்பு வலி, முந்தைய நாள் வேலை மூன்றையும் குறியுங்கள். பெண் வீரர்கள் மாதவிடாய் தேதியையும் குறிக்கலாம்; சுழற்சியின் பிற்பாதியில் எண் சற்றுக் குறைவது வழக்கம்.

இந்த இரண்டு வாரத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்.

"மாஸ்டர், எனக்கு முப்பத்தெட்டுதான் வருது. அவனுக்கு எழுபது காட்டுது. நான் வீக்கா?"

"இல்லடா. இது மார்க் ஷீட் இல்ல. உன் முப்பத்தெட்டு நாளைக்கு இருபத்தஞ்சா வந்தா என்கிட்ட வந்து சொல்லு."

வயது, பரம்பரை, உடல்வாகு என்று பல காரணத்தால் ஆளுக்கு ஆள் இந்த எண் வெகுவாக மாறும். ஒருவரை அவருடைய சொந்த ஏழு நாள் சராசரியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். திடீரென்று ஒரு நாள் இரட்டிப்பாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பட்டை நழுவியிருக்கும், அல்லது நடுவில் ஒரு துடிப்பு தப்பியிருக்கும். அந்தப் பதிவை விட்டுவிட்டு மறுபடி அளக்கவும்.

படி 4: பதற்றம் எங்கே ஏறுகிறது

பட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஆறு நிமிடம் உட்காருகிறார். முதல் இரண்டு நிமிடம் ஓய்வு. அடுத்த இரண்டு நிமிடம் நெருக்கடி: ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். கபடிக்காரப் பையன்களுக்கு அதைவிட நன்றாக வேலை செய்வது, அவர்கள் தோற்ற ஆட்டத்தின் வீடியோ. கடைசி இரண்டு நிமிடம் மறுபடி ஓய்வு.

எவ்வளவு ஏறியது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதைப் பாருங்கள். நெருக்கடியில் இதயம் வேகமெடுப்பது இயற்கை, அது வேண்டும். வீடியோவை நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடம் இறங்காமல் நிற்கிறதே, அங்கேதான் வேலை இருக்கிறது. கூடவே கண்ணாலும் கவனியுங்கள்: சிலருக்குத் துடிப்பு அசையாது, தோள் காது வரை ஏறிவிடும். அவருக்குத் தசைத் தளர்வு முதலில், மூச்சு அப்புறம்.

படி 5: உங்கள் மூச்சு வேகத்தைக் கண்டுபிடிப்பது

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்பது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் நாலரையிலிருந்து ஆறரை வரை மாறும். உயரமானவர்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் மெதுவாக அமையும், சிறுவர்களுக்கு வேகமாக. ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் வீதம் இப்படிச் சோதியுங்கள்:

- இழுக்க 4 நொடி, விட 5 நொடி
- இழுக்க 4, விட 6
- இழுக்க 4½, விட 6½
- இழுக்க 5, விட 7
- இழுக்க 5½, விட 8

திரையில் துடிப்பின் கோடு ஏறி இறங்கும். எந்த வேகத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் அதிகமாகவும், கோடு வழவழப்பாகவும் இருக்கிறதோ அது உங்களுடையது. இரண்டு வேகம் சமமாக வந்தால் சிரமமில்லாததை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாள் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்யலாம்.

பிராணாயாமம் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். ஆனால் பழக்கத்தில் நடுவே மூச்சைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். இங்கே கும்பகம் வேண்டாம். நிறுத்தினால் கோட்டின் வடிவம் உடையும்.

படி 6: தினப் பயிற்சி

லேரர் முறையில் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 20 நிமிடம். பள்ளி, டியூஷன், மைதானம் என்று ஓடும் பையனுக்கு அது நடக்காது. படுக்கும் முன் 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் நடக்கும். ஒன்றரை, இரண்டு மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். வயிறு எழும்ப வேண்டும், நெஞ்சு சும்மா கிடக்கட்டும். பெரும்பாலோர் தடுமாறும் இடம், மெதுமூச்சு என்றால் ஆழமான மூச்சு என்று நினைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுப்பது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடும் விரலும் மரத்துப்போகும். அப்படி வந்தால் அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துச் செய்யட்டும். மூன்றாவது வாரம் ஐந்து நிமிடம் பார்த்து, ஐந்து நிமிடம் கண்ணை மூடி, மறுபடி பார்த்துச் சரிபார்க்கட்டும். ஆறாவது வாரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செய்து, முடிந்தபின் பதிவை எடுத்துப் பார்த்தால் போதும். கண்ணை மூடிச் செய்ததிலும் கோடு அதே வடிவத்தில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 7: நாற்காலியிலிருந்து களத்துக்கு

நிறையப் பேர் இங்கே வந்து விட்டுவிடுகிறார்கள். அறையில் அழகாக மூச்சு விடுகிறவர் மைதானத்தில் அதை மறந்துவிடுவார். நடுவே சில படிக்கட்டுகள் வேண்டும். முதலில் நின்றுகொண்டு. பிறகு இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து, துடிப்பு எத்தனை நொடியில் 120க்கு இறங்குகிறது என்று பார்த்து. அப்புறம் சத்தத்தில்: போன வருட ஆட்டத்தின் மைக் வர்ணனையைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள், அதை ஸ்பீக்கரில் அலறவிட்டு அதன் நடுவே. கடைசியாகப் பயிற்சி ஆட்டத்தில், பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆனால் எண்ணை ஆட்டம் முடிந்தபின் மட்டும் பார்த்து.

களத்தில் எங்கே இதற்கு நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ரைடுக்குள் கிடையாது. 30 நொடி ஒரே மூச்சில் பாடிக்கொண்டு, துடிப்பு 170, 180இல் ஓடும்போது மெதுமூச்சு நடக்கிற காரியம் இல்லை, முயலவும் கூடாது. ஒரு ரைடு முடிந்து அடுத்த அணி ஆள் அனுப்ப இருப்பது 5 நொடி. அதில் ஒரே ஒரு நீண்ட வெளிமூச்சுக்கு இடம் உண்டு. கோட்டை மிதிக்கும் முன் அந்த ஒன்றை மட்டும் பழக்கமாக்குங்கள். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே கிடைக்கும் 5 நிமிடத்தில் தண்ணீர் குடித்தது போக இரண்டு நிமிடம் உட்காரலாம்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல நேரம் ஒன்றை எல்லோரும் வீணாக்குகிறார்கள். அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம். ஆத்திரத்தில் நடுவரைத் திட்டிக்கொண்டோ, உள்ளே இருப்பவனுக்குக் கத்திக்கொண்டோ அது கழிகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்ததும் பத்து மூச்சு, அதற்குப் பிறகு வேண்டுமானால் திட்டிக்கொள் என்று சொல்லி வைத்தால், திரும்ப உள்ளே போகும் பையன் வேறு ஆளாகப் போகிறான்.

மற்ற ஆட்டங்களிலும் இப்படி இடைவெளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வாலிபாலில் விசில் அடித்தபின் சர்வ் போட 8 நொடி தருகிறார்கள். ஒரு முழு மூச்சு அதற்குள் அடங்கும். பாஸ்கெட்பாலில் ப்ரீ த்ரோவுக்கு 5 நொடி. வெளிமூச்சு மட்டும் போதும். சிலம்பத்தில் களத்துக்குள் கால் வைத்துக் கம்பைப் பிடிக்கும் முன்.

100 மீட்டர் ஓடுபவரை இப்படி அமைதியாக்கிவிடாதீர்கள். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் அவருக்குத் தேவை உசுப்பு. பிந்த்ராவுக்குத் தேவைப்பட்ட நிதானம் அவரைப் பின்தங்க வைத்துவிடும். கபடியிலும் கார்னரில் நின்று காலைப் பிடிப்பவருக்குக் கொஞ்சம் சூடு இருந்தால்தான் கை பாயும். ஒவ்வொருவரும் நன்றாக ஆடிய நாட்களில் வார்ம்-அப் முடிந்ததும் துடிப்பு எவ்வளவு இருந்தது என்று நான்கைந்து ஆட்டம் குறித்துப் பாருங்கள். இலக்கு அந்த எண். அதற்கு மேலே போனால் நீண்ட வெளிமூச்சு, கீழே கிடந்தால் நாலு வேகக் குதியும் சத்தமும்.

படி 8: காலை எண்ணும் பயிற்சிச் சுமையும்

மூச்சுப் பயிற்சி ஒரு பக்கம் நடக்க, காலை அளவீடு நிற்க வேண்டியதில்லை. 2007இல் பின்லாந்து ஆய்வாளர்கள் தினசரி எச்ஆர்வியைப் பார்த்து ஓட்டப் பயிற்சியைக் கூட்டிக் குறைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் சாரம் எளிது: எண் உங்கள் வழக்கமான எல்லைக்குள் இருந்தால் கடும் பயிற்சி, இறங்கியிருந்தால் லேசான பயிற்சி அல்லது ஓய்வு.

நம் ஊரில் இதை அப்படியே பின்பற்றினால் ஒரு விஷயம் விடுபடும். டெல்டாவில் பல வீரர்களுக்கு மைதானத்துக்கு வெளியேதான் பெரிய சுமை. மேட்டூர் அணை ஜூன் 12 வாக்கில் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நாற்று, நடவு என்று வீட்டில் ஆள் தேவைப்படும். சம்பா அறுவடை தையில். பொங்கல் போட்டிகளும் தையில். பகலில் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு, ராத்திரி மின்னொளியில் ஆடி, விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கும் பையனின் எண் மறுநாள் தரைமட்டத்தில் கிடக்கும். கோச்சுக்கு மூட்டை விஷயம் தெரியாவிட்டால், சோம்பேறி என்று நினைத்து இன்னும் நாலு சுற்று ஓடவிடுவார். நோட்டில் 'முந்தைய நாள் வேலை' என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். வயல் வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேருங்கள்.

ஒரே ஒரு நாள் இறங்கினால் கவலை வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து இறங்கி, உடம்பு வலியும் தூக்கக் குறைவும் கூட இருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வரும் முன்பே சில சமயம் இறங்கும். முந்தைய இரவு மது அருந்தினாலும் நன்றாகவே இறங்கும். திருவிழாவுக்கு மறுநாள் நோட்டைப் பார்த்தால் கோச் கேள்வியே கேட்க வேண்டியிருக்காது. அக்னி நட்சத்திர நாட்களில் சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்களுக்கும் இதே சரிவு தெரியும். அங்கே மருந்து, நீராகாரமும் உப்புப் போட்ட மோரும்தான்.

முழங்கால் அடிபட்டவர்களுக்கு

கபடியில் முழங்கால் தசைநார் கிழிவது சாதாரணமாக நடக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடையின் முன்தசை வேலை செய்ய மறுக்கும். வீரர் முழு பலத்தோடு முறுக்குவதாக நினைப்பார், தசை பாதிதான் எழும். இங்கே ஈஎம்ஜி பயோஃபீட்பேக் உண்மையிலேயே கை கொடுக்கும். இதைத் தனியாகச் செய்யாமல், தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களில் பிசியோதெரபிஸ்டிடம் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடை பார்க்கும் மெஷின் இரண்டை அருகருகே வைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நின்று, மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழ வேண்டும். 70 கிலோ ஆள் என்றால் இரண்டிலும் 35 வர வேண்டும். அடிபட்ட பக்கம் 25தான் காட்டும், அவர் மட்டும் நேராக நிற்பதாகச் சத்தியம் செய்வார். எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சமப்படுத்திப் பழகினால், பிறகு பார்க்காமலே வரும். பிசியோ அனுமதி தந்த பிறகு மட்டும் இதைச் செய்யவும்.

நோட்டு யார் கையில்

அந்த எண்கள் வீரருடையவை. வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது, எண் குறைவு என்று சொல்லி யாரையும் அணியை விட்டு நிறுத்தக் கூடாது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் அப்பா அம்மாவிடம் என்ன அளக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகளின் மாதவிடாய்க் குறிப்பு கோச்சின் பார்வைக்கு வர வேண்டியதே இல்லை. அவர்களே வைத்துக்கொண்டு, இன்று லேசாகச் செய்கிறேன் என்று மட்டும் சொன்னால் போதும்.

காலம் பார்த்துத் தொடங்குவதாக இருந்தால் ஐப்பசி நல்ல மாதம். மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும், பையன்களுக்கும் மாலையில் நேரம் இருக்கும். முதல் இரண்டு வாரம் வெறும் அளவீடு, அதன்பின் ஆறு வாரம் அறைப் பயிற்சி, மார்கழிக் கடைசியில் களம். படி 4இல் செய்த ஆறு நிமிடச் சோதனையை அப்போது அதே வீடியோவை வைத்து மறுபடி செய்து, துடிப்பு இறங்க எடுத்த நேரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் பொங்கல் போட்டிக்குப் பட்டையை எடுத்துப் போக வேண்டாம். குறையவில்லை என்றால் மூச்சு வேகத்தை மறுபடி சோதித்துவிட்டு, தை முழுக்க அறைப் பயிற்சியைத் தொடருங்கள்.